என்ஜினைப் பிரித்துப் படித்த ஜி. டி. நாயுடு

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பையன் 280 பஸ்களுக்கு அதிபர் ஆன கதை

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு நாள் விடியுமுன் போய் நின்று பாருங்கள். வானம் வெளுக்கவில்லை. கரையெல்லாம் ஐஸ் கட்டியும் வலையும் டீசல் பீப்பாயும். ஒவ்வொரு விசைப்படகாக உயிர் பெறுகிறது. என்ஜின்கள் முழங்குகின்றன. படகுகள் வரிசையாகக் கடலுக்குள் போகின்றன.

ஒரே ஒரு படகு மட்டும் போகவில்லை. முந்திய நாள்தான் அதன் என்ஜினைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்டினார்கள். இன்று அது கிளம்ப மறுக்கிறது. கிளம்பினாலும் கறுப்பாகப் புகை கக்குகிறது. இழுவை இல்லை. படகுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இன்றைய பிழைப்பு போயிற்றே!

மெக்கானிக் வருகிறார். காது கொடுத்துக் கேட்கிறார். என்ஜினின் முன்பக்க மூடியைக் கழற்றுகிறார். உள்ளே பெரியதும் சிறியதுமாகப் பல்சக்கரங்கள். இரண்டு சக்கரங்களில் சிறு புள்ளி போலக் குறி வெட்டியிருக்கிறது. இரு குறியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒன்று ஒரு பல் தள்ளி நிற்கிறது. அவ்வளவுதான் கோளாறு! சக்கரத்தை எடுத்து, ஒரு பல் நகர்த்தி, மறுபடி மாட்டுகிறார். படகு கடலுக்குப் போகிறது.

இதில் வியப்பு என்னவென்றால், மெக்கானிக் புதிதாக எந்தச் சாமானும் போடவில்லை. டீசல் அதே டீசல். இரும்பு அதே இரும்பு. மாறியது ஒன்றுதான். அது நேரம்!

மைத்துனன் கையில் கயிறு

நேரத்தின் அருமை அந்தக் கரைக்குப் புதிதல்ல. 1961-ஆம் ஆண்டுவரை தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடந்தது. முத்துக் குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்குவார். மூச்சை அடக்கியபடி சிப்பிகளை அள்ளிப் பையில் போடுவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கயிறு பிடிப்பவர் அவசரப்பட்டு இழுத்தால் பையில் சிப்பி இராது. தாமதித்து இழுத்தால் உள்ளே இருப்பவர் உயிர் இராது. அதனால்தான் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பார்கள் என்று அந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கையின் தாலிக்கு மச்சான் பொறுப்பு என்றால் அண்ணன் கயிற்றை விட மாட்டான் அல்லவா?

என்ஜினுக்குள்ளும் இப்படி ஒரு கயிறு பிடிப்பவர் இருக்கிறார். அவர் பெயர் கேம் ஷாப்ட். அவர் சரியான நேரத்தில் கதவைத் திறந்து, சரியான நேரத்தில் மூடினால்தான் கார் ஓடும், பஸ் ஓடும், படகு ஓடும்.

இந்த இரகசியத்தை எந்தக் கல்லூரியிலும் படிக்காமல், ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்ட ஒரு தமிழ்நாட்டுக்காரர் இருந்தார். அவர் பின்னாளில் பஸ்களின் அதிபர் ஆனார். கல்லூரி கட்டிக் கொடுத்தார். உலகம் சுற்றினார். அவர்தான் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோயமுத்தூருக்குக் கிழக்கே, சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே விவசாயக் குடும்பத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார் துரைசாமி. தந்தை பெயர் கோபால்சாமி. இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் ஜி. டி. என்ற எழுத்துக்கள் வந்தன.

குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். தாயில்லாப் பிள்ளை உறவினர் வீட்டில் வளர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. மணலை அள்ளி வாத்தியார் முகத்தில் எறிந்துவிட்டு ஓடினான்! அதோடு படிப்பு ஒரு முடிவுக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளைக்கூட அவன் தாண்டவில்லை.

இனி என்ன? மாடு, ஏர், வயல். ஊரில் பலரும் இவன் உருப்பட மாட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் பையனின் மூளை சும்மா இருக்கவில்லை. எதைப் பார்த்தாலும் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் படிக்காத எழுத்தைப் பின்னால் தானே முயன்று படித்தான்.

குதிரை இல்லாத வண்டி

ஒரு நாள் கிராமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்கார வருவாய் அதிகாரி வந்தார். குதிரையில் வரவில்லை. மாட்டு வண்டியிலும் வரவில்லை. இரண்டு சக்கரத்தில், சத்தம் போட்டுக்கொண்டு, தானே ஓடும் ஒரு வண்டியில் வந்தார்!

இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அது. ஒரே ஒரு சிலிண்டர் உள்ள என்ஜின்.

கிராமத்து ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். வண்டி போனதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். துரைசாமியால் மட்டும் போக முடியவில்லை. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. அப்படியானால் அதை இழுப்பது எது? உள்ளே என்ன இருக்கிறது? அந்தக் கேள்வி அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது.

கையில் பணம் இல்லை. ஊரிலே இருந்தால் பணம் வராது. ஊரை விட்டுக் கிளம்பி கோயமுத்தூருக்குப் போனார். ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, இட்லி பரிமாறி, வந்த கூலியைச் செலவு செய்யாமல் முடிந்து வைத்தார். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. மூன்று வருஷங்கள்!

சேர்த்த பணத்தை அந்த வயதுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வேட்டி சட்டை வாங்குவார்கள். நிலம் வாங்க நினைப்பார்கள். துரைசாமி மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

வாங்கியவர் ஏறி ஊர் சுற்றினாரா? இல்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போட்டார்! பிறகு மறுபடி மாட்டினார். இதுதான் அவருடைய பள்ளிக்கூடம். இதுதான் அவருடைய காலேஜ்.

உள்ளே என்ன இருந்தது?

என்ஜினைப் பிரித்தவர் எவராயினும் ஒரு விஷயத்தைச் சந்தித்தே ஆகவேண்டும். பிரிப்பது எளிது. மாட்டுவதுதான் கடினம். ஒவ்வொரு பாகமும் அதனதன் இடத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதனதன் நேரத்திலும் இருக்க வேண்டும்.

அது எப்படி என்று நாமும் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

பெட்ரோல் என்ஜினின் சிலிண்டர் என்பது ஒரு இரும்புக் குழாய். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிதான். குழாயின் மேல் முனையில் இரண்டு சிறு கதவுகள் உண்டு. அவற்றுக்கு வால்வு என்று பெயர். ஒன்று உள்ளே வரும் வாசல். மற்றொன்று வெளியே போகும் வாசல்.

பிஸ்டன் கீழே இறங்குகிறது. உள்வாசல் திறக்கிறது. பெட்ரோல் ஆவி கலந்த காற்று உள்ளே வருகிறது. இது முதல் வேலை.

பிஸ்டன் மேலே ஏறுகிறது. இரு வாசலும் மூடியிருக்கின்றன. காற்று நெருக்கப்படுகிறது. இது இரண்டாவது வேலை.

பிளக்கில் பொறி பறக்கிறது. ஆவி தீப்பிடித்து விரிகிறது. பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. வண்டியை ஓட்டும் பலம் இங்கேதான் பிறக்கிறது. இது மூன்றாவது வேலை.

பிஸ்டன் மறுபடி மேலே வருகிறது. வெளிவாசல் திறக்கிறது. எரிந்த புகை வெளியே போகிறது. இது நான்காவது வேலை.

நான்கு வேலை முடிவதற்குள் பிஸ்டன் இரண்டு முறை இறங்கி இரண்டு முறை ஏறுகிறது. பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் அச்சுக்குக் கிராங்க் ஷாப்ட் என்று பெயர். அது இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகிறது.

இரண்டுக்கு ஒன்று

வாசலைத் திறப்பது யார்? அதற்குத்தான் கேம் ஷாப்ட் இருக்கிறது. அது ஒரு நீண்ட இரும்பு அச்சு. அதில் அங்கங்கே கோழி முட்டை போல ஒரு பக்கம் புடைத்த துண்டுகள் இருக்கும். அவைதான் கேம். அச்சு சுழலும்போது புடைத்த பக்கம் வந்து வால்வை நெம்பித் திறக்கிறது. புடைப்பு நகர்ந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது.

கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றினால் கேம் ஷாப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டும். அதற்காகவே பல்சக்கரங்களையோ சங்கிலியையோ பட்டையையோ வைத்து இரண்டையும் இணைத்திருக்கிறார்கள்.

என்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1500 தடவை திறந்து மூடும். அதாவது நீங்கள் ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் பல தடவை! அத்தனை தடவையும் நேரம் பிசகக்கூடாது.

கேம் ஷாப்டின் சக்கரத்தில் 40 பற்கள் இருந்தால், ஒரு பல் தள்ளி மாட்டினால் கேம் ஷாப்ட் 9 பாகை பிசகும். கிராங்க் ஷாப்ட் கணக்கில் அது 18 பாகை. ஒரு முழுச் சுற்றில் இருபதில் ஒரு பங்கு. கேட்பதற்குச் சிறிது. ஆனால் வண்டி கிளம்பாது. கிளம்பினால் இழுக்காது. கார்ப்பரேட்டர் வழியாகவே வெடிச் சத்தம் கேட்கும். சில என்ஜின்களில் பிசகு அதிகமானால், மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்விலே மோதி இரண்டும் நாசமாகும்!

முன்னால் தள்ளினால் என்ன? பின்னால் தள்ளினால் என்ன?

அப்படியானால் கேம் ஷாப்டின் நேரத்தை யாரும் தொடவே கூடாதா? அப்படியும் இல்லை. கொஞ்சம் தெரிந்து தொட்டால் என்ஜினின் குணத்தையே மாற்றலாம். பந்தயக் கார்க்காரர்கள் இதற்கென்றே நகர்த்தக்கூடிய பல்சக்கரம் போட்டுச் சில பாகை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருவிழாக் கூட்டம் முண்டியடித்து ஓடி வந்து பஸ்ஸில் ஏறுகிறது. நேரம் ஆகிவிட்டது என்று கண்டக்டர் உடனே கதவைச் சாத்தினால் பாதிப் பேர் வெளியே நின்றுவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தால், ஓடி வந்த வேகத்தில் அவர்களும் உள்ளே புகுந்துவிடுவார்கள். பஸ் நிரம்பும்.

என்ஜின் வேகமாக ஓடும்போது காற்றும் இப்படித்தான் ஓடி வருகிறது. பிஸ்டன் அடிக்குப் போய் மேலே திரும்பிய பிறகும், வந்த வேகத்தில் இன்னும் உள்ளே புகுகிறது. ஆகவே உள்வாசல் சற்றுத் தாமதமாக மூடினால் நல்லது. கேம் ஷாப்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் இது நடக்கும். அதிக வேகத்தில் பலம் கூடும்.

ஆனால் கூட்டம் மெதுவாக வரும் நாளில் கதவை வெகு நேரம் திறந்து வைத்தால் என்ன ஆகும்? ஏறியவர்களும் பொறுமை இழந்து இறங்கிவிடுவார்கள்! என்ஜின் மெதுவாக ஓடும்போதும் அப்படித்தான். ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே வாசல் வழியாக வெளியே தள்ளிவிடும். ஆகவே குறைந்த வேகத்தில் உள்வாசல் சீக்கிரம் மூட வேண்டும். கேம் ஷாப்டைச் சற்று முன்னுக்குத் தள்ளினால், மெதுவாகப் போகும்போது இழுவை கூடும். உச்ச வேகத்தில் பலம் குறையும்.

இரண்டில் எது நல்லது? வேலையைப் பொறுத்தது. பந்தயக் காருக்கு உச்ச வேகம் வேண்டும். முப்பது நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு, நின்று நின்று புறப்படும் பஸ்ஸுக்குக் குறைந்த வேகத்தில் இழுவை வேண்டும். வலையை இழுத்துக்கொண்டு போகும் படகுக்கும் இழுவைதான் வேண்டும். ஒரே நேரம் எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்கு எது சரியான நேரம் என்று அறிவதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

முதல் பஸ்

மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டிய துரைசாமி இப்போது மெக்கானிக் ஆகிவிட்டார். இடையில் பருத்தி வியாபாரத்திலும் இறங்கிப் பார்த்தார். பணம் வந்தது. வந்த வழியே போகவும் செய்தது. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. மோட்டார்ப் பைத்தியம் விடவும் இல்லை.

அந்தக் காலத்தில் கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் பெரிய வர்த்தகராக இருந்தார். அவர் இந்தக் கிராமத்து இளைஞரின் திறமையை மதித்தார். அவருடைய உதவியோடு 1920-ஆம் ஆண்டில் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார்.

முதலாளியும் அவரே. டிரைவரும் அவரே. வழியில் நின்றுவிட்டால் மெக்கானிக்கும் அவரே!

பழனி என்றால் கேட்க வேண்டுமா? காவடி எடுத்துப் போகிறவர்கள், முடி இறக்கப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள். அதுவரை மாட்டு வண்டியில் இரவெல்லாம் குலுங்கிப் போனவர்களுக்கு இந்த பஸ் பெரிய வரப்பிரசாதமாக இருந்தது.

ஒரு பஸ் இரண்டு ஆயிற்று. இரண்டு பத்து ஆயிற்று. யு.எம்.எஸ். என்ற மூன்று எழுத்து கொங்கு நாடு முழுவதும் பிரசித்தி ஆயிற்று. 1933-ஆம் ஆண்டில் அவரிடம் 280 பஸ்கள் இருந்தன! முதல் பஸ் ஓட்டிப் பதின்மூன்றே வருஷம்.

நேரம் தவறாத கம்பெனி

பஸ் விடுவது யாருக்கும் முடியும். பணம் இருந்தால் போதும். 280 பஸ்களை ஒழுங்காக ஓட வைப்பது வேறு காரியம்.

ஒரு பஸ் தாமதமானால் அடுத்த பஸ் காலியாகப் போகும். அதற்கடுத்த பஸ்ஸில் ஜனங்கள் தொங்குவார்கள். என்ஜினில் ஒரு பல் பிசகினால் என்ன ஆகிறதோ அதே கதிதான் கம்பெனிக்கும். இதை நாயுடு நன்றாக அறிந்திருந்தார். நேரம் தவறாமை அவருடைய வாழ்க்கையின் உயிர்நாடியாக இருந்தது. தம்மைப் பார்க்க வருகிறவர்களும் குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் போக வேண்டும் என்பதில் கண்டிப்பானவர்.

ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்த கை, பஸ் கம்பெனி என்ற பெரிய என்ஜினை மாட்டி ஓட்டியது என்று சொன்னால் மிகையாகாது.

மோட்டாரும் ரேசரும்

பஸ்ஸோடு நிற்கவில்லை நாயுடு. கோயமுத்தூர் பீளமேட்டில் பாலசுந்தரம் நாயுடு என்ற மற்றொரு கெட்டிக்காரரோடு சேர்ந்தார். 1937-ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே செய்யப்பட்ட மின்சார மோட்டார் அங்கிருந்து வெளிவந்தது. இன்று கோயமுத்தூர் மோட்டாரும் பம்பும் போகாத கிராமம் உண்டா? அந்தப் பெருந்தொழிலுக்கு அன்று போட்ட விதை அது.

முகம் மழிக்க மின்சார ரேசர் செய்தார். அதற்கு ராசண்ட் என்று பெயர். மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஓட்டுப் பதிவு செய்யும் கருவி என்று அவருடைய பட்டறையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

ஐரோப்பாவுக்குப் போனார். கையில் எப்போதும் காமிரா. 1936-இல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தையும் படம் எடுத்தார். வயலையும் மறக்கவில்லை. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த பருத்திச் செடி அவருடைய தோட்டத்தில் நின்றது.

பட்டறையே பள்ளிக்கூடம்

1944-ஆம் ஆண்டில் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். வயது 51. சேர்த்த பணத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித் தொகையும் தொழிலாளர்களுக்கு நலத் திட்டங்களும் அறிவித்தார்.

மறு ஆண்டு, 1945-இல், அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோயமுத்தூரில் தொழில் நுட்பப் பள்ளியும் என்ஜினீயரிங் கல்லூரியும் உருவாயின. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரைச் சூட்டினார்கள். அவிநாசி ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கு இன்றும் ஹோப் காலேஜ் என்றுதான் பெயர்.

வாத்தியார் முகத்தில் மணல் எறிந்துவிட்டு ஓடிய பையன், என்ஜினீயரிங் கல்லூரிக்குப் பிரின்சிபால் ஆனார்!

ஆனால் அந்தப் பதவியில் அவர் நீடிக்கவில்லை. படிப்பு நான்கு வருஷம் என்பது அன்றைய சர்க்காரின் ஏற்பாடு. அது மாணவர்களின் காலத்தை வீணாக்குவது என்பது நாயுடுவின் கட்சி. இரண்டு வருஷத்தில் இதே பாடங்களைக் கற்றுக் கொடுத்துவிடலாம் என்று வாதாடினார். சர்க்கார் ஒப்பவில்லை. நாயுடு ராஜிநாமா செய்துவிட்டார்.

அவர் சொன்னது சரியா, சர்க்கார் சொன்னது சரியா என்பதைப் பற்றி இன்றும் இரண்டு கட்சி பேசலாம். ஒரு பாலத்தைக் கட்டுகிறவருக்குக் கணக்கும் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். ஆனால் அந்த வாதத்தின் அடியில் இருந்த வேதனையைக் கவனியுங்கள். ஏழை வீட்டுப் பையனுக்கு இரண்டு வருஷம் என்பது சின்ன விஷயமா? தாமதமாகத் திறக்கும் வாசலில் எத்தனை பேர் காத்து நிற்க முடியும்? ஓட்டலில் மூன்று வருஷம் இலை எடுத்துக் காத்திருந்தவருக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

திறக்காத கதவு

அவருடைய வாழ்க்கையில் இன்னொரு கதவு கடைசிவரை திறக்கவே இல்லை.

1952-ஆம் ஆண்டில் இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன பெட்ரோல் கார் செய்து காட்டினார். விலை 2000 ரூபாய்! நடுத்தரக் குடும்பத்துக்கும் கார் எட்ட வேண்டும் என்று ஒரு தமிழர் அன்றைக்கே முனைந்துவிட்டார். ஆனால் தொழிற்சாலை வைத்துக் கார் செய்ய சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை. கார் செய்யும் வேலை நின்றது.

என்ஜின் இருந்தது. பெட்ரோல் இருந்தது. ஓட்டத் தெரிந்தவர் இருந்தார். வாசல் மட்டும் திறக்கவில்லை. ஒரு வால்வு திறக்காவிட்டால் நல்ல என்ஜினும் வெறும் இரும்புதான் அல்லவா?

நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். வயது 80. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் தூத்துக்குடி, நாட்டின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. தோணியும் பாயும் கண்ட கரைக்குப் பெரிய கப்பல்கள் வந்தன. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓடலாயின.

கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் அவருடைய பெயரில் பொருட்காட்சி சாலை இருக்கிறது. பக்கத்திலேயே பழைய கார்களின் காட்சி சாலையும் உண்டு. கோயமுத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டலாம்.

இன்றைய கார்

நாயுடு மறைந்த பிறகு என்ஜின் வெகு தூரம் வந்துவிட்டது.

முன்பெல்லாம் கேம் ஷாப்டின் நேரம் தொழிற்சாலையில் ஒரு முறை வைத்தது வைத்ததுதான். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் அதே நேரம். இழுவை வேண்டும் என்றால் வேகத்தை விட வேண்டும். வேகம் வேண்டும் என்றால் இழுவையை விட வேண்டும்.

1980-ஆம் ஆண்டில் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ கம்பெனி, ஓடும்போதே நேரத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைத் தன் காரில் வைத்தது. பிறகு ஜப்பான் கம்பெனிகள் அதை மேலும் வளர்த்தன. இன்று நம் ஊர்த் தெருவில் ஓடும் எத்தனையோ கார்களில் ஒரு சிறு கம்ப்யூட்டர் உட்கார்ந்து என்ஜினைக் கவனிக்கிறது. மெதுவாகப் போகும்போது எண்ணெய் அழுத்தத்தால் கேம் ஷாப்டை ஒரு பக்கம் திருப்புகிறது. வேகம் கூடினால் இன்னொரு பக்கம் திருப்புகிறது. கூட்டத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தும் கெட்டிக்காரக் கண்டக்டர் போல! பெட்ரோலும் மிச்சம், புகையும் குறைவு.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் வந்தாலும், சங்கிலியோ பட்டையோ மாற்றும்போது குறியோடு குறி சேர்த்து மாட்டுவது இன்றும் மெக்கானிக்கின் கைதான். அந்த ஒரு பல் இன்றும் அதே ஒரு பல்தான்.

வீட்டில் ஒரு பையன்

உங்கள் வீட்டில் பாடப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடிகாரத்தைக் கழற்றிப் போடும் பையன் இருக்கலாம். ரேடியோவைத் திறந்து பார்த்து உதை வாங்கும் பெண் இருக்கலாம். படிக்கச் சொல்லுங்கள். படிப்பு வேண்டியதுதான். நாயுடுவே படிப்பை வெறுத்துவிட்டு இருந்துவிடவில்லை. பின்னால் தேடிப் போய்ப் படித்தார், பிறருக்காகக் கல்லூரி கட்டினார். ஆனால் கழற்றியதற்காக மட்டும் அடிக்காதீர்கள். கழற்றியதை மறுபடி மாட்டச் சொல்லுங்கள். மாட்டத் தெரிந்துவிட்டால் ஒரு பாடம் படித்துவிட்டதாக அர்த்தம்.

தூத்துக்குடிக் கரையில் அந்தி சாய்கிறது. காலையில் கிளம்பிய படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. ஒரு பல் நகர்த்தப்பட்ட அந்தப் படகும் வருகிறது. என்ஜின் சீராக முழங்குகிறது. கரையில் கூடைகளோடு பெண்கள் காத்து நிற்கிறார்கள். மெக்கானிக் தூரத்திலிருந்தே சத்தத்தைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த படகுக்குப் போகிறார். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் ஸ்பேனர்ப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவனுடைய கண் என்ஜின் மேலேயே இருக்கிறது.